லிங்கி ஆற்றில் கரையும் மாத்திரைகள்

சிரம்பானைச் சுற்றிப் பால்மரம் நின்ற தோட்டங்கள் பலவும் இன்று வீடமைப்புப் பகுதிகள். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களில் இனிப்பு நீர் மாத்திரை இல்லாத வீடு அரிது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முதலிடம்.

இந்நோயாளிகள் விழுங்கும் மெட்ஃபோர்மின் என்ற மருந்தை உடம்பு சிதைப்பதில்லை. சிறுநீரோடு அப்படியே வெளியேறிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே காற்றூட்டிய தொட்டியில் பழுப்புச் சேறு நுரைத்துச் சுழலும். அதிலுள்ள பாக்டீரியாக்கள் பாரசிட்டமோலை எளிதில் தின்றுவிடும். மெட்ஃபோர்மினோ குவானில்யூரியா என்ற வேறொரு பொருளாகி வெளியேறும். வலிப்புக்குத் தரும் கார்பமசெப்பின், நுழைந்த அளவிலேயே ஏறக்குறைய முழுதாக வெளியே வரும்.

சட்டம் இவற்றைக் கணக்கில் எடுப்பதே இல்லை. மலேசியாவின் 2009 கழிவுநீர் விதிமுறைகள், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே உள்ள நிலையங்களுக்குக் கடுமையான ‘ஏ’ தரத்தை விதிக்கின்றன. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு மருந்தும் இல்லை. சிரம்பான் பகுதியின் லிங்கி ஆற்றுநீரைக் குடிக்கும் மாநிலத்தில் இது பெரிய குறை.

ஒரு குவளைத் தண்ணீரால் யாரும் நோயாளியாகிவிடப் போவதில்லை. ஆனால் மீன்கள் அதிலேயே வாழ்கின்றன. கனடாவில் 2001 முதல் மூன்று கோடைகள் ஓர் ஏரியில் கருத்தடை மாத்திரை ஹார்மோனை லிட்டருக்கு 5–6 நானோகிராம் அளவில் கலந்து பார்த்தார்கள். அங்கிருந்த சிறுமீன் இனம் ஒன்று அழிவின் விளிம்புக்கே போய்விட்டது.

வழி இரண்டு உண்டு. ஓசோன் மருந்து மூலக்கூறை உடைக்கும். கிளர்வூட்டிய கரி அதைத் தன் நுண்துளைகளில் பிடித்து வைக்கும். சுவிட்சர்லாந்து 2016 முதல் இவற்றைச் சட்டப்படி அமைத்து, 80 விழுக்காடு நீக்கத்தைக் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியமோ செலவில் குறைந்தது 80 விழுக்காட்டை மருந்து, அழகுப்பொருள் நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்கிறது. அதுவே நியாயம்.

மிஞ்சிய மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டாமல் அரசு கிளினிக் மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கலாம். விழுங்கி வெளியேறிய மருந்தைப் பிடிக்கக் கரி வேண்டும். அதற்கான மூலப்பொருள் நம்மிடமே இருக்கிறது: செம்பனைக் கொட்டை ஓட்டிலிருந்து இக்கரியைத் தயாரிக்கலாம். ஆலைகளில் அந்த ஓடு பாய்லருக்கு விறகாகப் போகிறது. எல்லா நிலையங்களிலும் ஒரேயடியாகச் செய்யப் பணம் போதாது. ‘ஏ’ தரம் ஏற்கெனவே கட்டாயமாக உள்ள பெரிய நிலையங்களில் முதலில் தொடங்கலாம்.