சொற்கேட்கும் யந்திரமும் குடியானவரும்

வேலைக் காலத்தில் குடியானவருக்குக் கையும் கண்ணும் ஓய்வதில்லை. சேற்றுக் கையுடன் செல்போனில் எழுத்துக்களைத் தேடுவது இயலாத காரியம். எழுத்து வாசனையில்லாத முதியோர்க்கு அது எக்காலத்தும் இயலாது. வாயால் கேட்டால் வாயால் விடை சொல்லும் குரல் உதவியாளர் என்னும் ஏற்பாடு இக்குறையைப் பெரிதும் நீக்குகிறது. ஆயினும் மிராசுதார்கள் பலர் இப்போது இதனிடம் பயிர் யோசனையும் மருந்து அளவும் கேட்கத் தொடங்கியிருப்பதால், எதற்கு இதை நம்பலாம், எதற்கு நம்பலாகாது என்பதை எடுத்துரைத்தல் அவசியமாகிறது.

அமேசான் கம்பெனியார் 2014-ல் அமெரிக்காவில் வெளியிட்ட 'அலெக்சா' என்னும் வீட்டுக் கருவி, 2017-ல் இந்தியாவுக்கு வந்து, 2019-ல் ஹிந்தி பேசவும் கற்றது. கூகிள் கம்பெனியார் 2017-ல் தமிழ்ப் பேச்சைச் செல்போனில் எழுத்தாக்கும் வசதியையும், 2024-ல் 'ஜெமினி'யுடன் தமிழிலேயே உரையாடும் வசதியையும் அளித்தனர். ஆகவே தமிழில் பேச விரும்புவோர்க்குச் செல்போனே சௌகரியம்.

இது வேலை செய்யும் விதம் பின்வருமாறு: கருவி தன் பெயரை மாத்திரம் எதிர்பார்த்துக் காதைத் திறந்து வைத்திருக்கும். பெயர் சொன்னதும், அதன்பின் நாம் பேசுவது பெரும்பாலும் இண்டர்நெட் வழியாய்க் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குச் செல்லும். அங்கே பேச்சு எழுத்தாக்கப்பட்டு, அதன் கருத்து ஊகிக்கப்பட்டு, விடை ஒலியாய்த் திரும்பி வரும். ஊகம் என்பதை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும். யந்திரம் சரியாய் ஊகித்தாலும் தவறாய் ஊகித்தாலும் ஒரே தெளிவான குரலில்தான் பேசும். தயங்கித் தலையைச் சொறிவது அதற்குத் தெரியாது.

மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் எழுப்பச் சொல்லுதல், ஒருவர் பெயரைச் சொல்லி டெலிபோனில் அழைத்தல், நாளைய மழைக்குறி கேட்டல், பெருக்கல் வகுத்தல் ஆகியவற்றிற்கு இது மிகவும் அனுகூலமானது. கண்பார்வை குன்றியோர்க்கு இதனினும் நல்ல துணை செல்போனில் வேறில்லை.

கணக்குக் கேட்கையில் அளவைச் சுத்தமாய்ச் சொல்ல வேண்டும். தஞ்சைப் பகுதியில் 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா. அதாவது ஏறக்குறைய 33 சென்ட். வேறு ஜில்லாக்களில் குழியின் அளவே வேறு. "ஐந்து மாவுக்கு எவ்வளவு விதை?" என்று கேட்டால், யந்திரம் அதை அரிசி மாவென்று கொண்டாலும் வியப்பில்லை. "165 சென்ட் நிலத்துக்கு" என்று கேட்பதே முறை. அவ்வாறே யூரியா மூட்டை 2018 முதல் 45 கிலோவாகக் குறைந்திருப்பதையும் சொல்லியே கேட்க வேண்டும். ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து இடுவதானால், யூரியாவில் 46 சதவீதமே தழைச்சத்தாகையால், சுமார் 130 கிலோ, அதாவது மூன்று மூட்டைக்குச் சற்றுக் குறைவாய் வேண்டும். இதைப் பென்சிலால் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வதில் நஷ்டமொன்றுமில்லை.

பூச்சி நோய் விஷயத்தில்தான் அபாயம் அதிகம். நெல்லைத் தாக்கும் புகையானைப் பற்றி நான் சுற்றிவரும் கிராமமொன்றில் ஒருவர் கேட்க, அவர் செல்போன் புகையிலைச் சாகுபடியைப் பற்றி விரிவாய் விடையளித்தது. அது கண்டுகொள்ளக்கூடிய பிழையாதலால் கேடொன்றும் விளையவில்லை. கண்டுகொள்ள முடியாத பிழையே பயிரைக் கெடுக்கும். புகையான் தூரின் அடியில் நீர்மட்டத்தை ஒட்டியிருந்து சாற்றை உறிஞ்சுவது. அதற்கு முதற் பரிகாரம் தண்ணீரை வடித்தலும், தழைச்சத்தை மட்டாய் இடுதலுமாம். நடும்போதே இரண்டரை மீட்டருக்கு ஒரு முறை 30 சென்டிமீட்டர் இடைவெளி விட்டிருத்தலும் நலம். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை அடித்தாலோ, புகையானைத் தின்னும் சிலந்தி முதலியவை மடிந்து, அது முன்னிலும் பெருகும். "நெல்லில் பூச்சி, என்ன மருந்து?" என்று பொதுவாய்க் கேட்பவர்க்கு இந்தப் பேதம் விடையில் வருமென்பது நிச்சயமில்லை.

மேலும், யந்திரத்தின் விடை பழைய எழுத்துக்களிலிருந்தும் வரக்கூடும். எண்டோசல்பான் 2011-ல் சுப்ரீம் கோர்ட்டினால் தடுக்கப்பட்டது. போரேட், டிரையசோபாஸ் ஆகியவை 2020-ஆம் வருஷக் கடைசியுடன் விலக்கப்பட்டன. இம்மருந்துகளைச் சிபாரிசு செய்யும் பழைய குறிப்புகள் இன்னும் இண்டர்நெட்டில் கிடக்கின்றன. ஆதலால் மருந்தின் பெயரையும் அளவையும் யந்திரத்தின் வாய்ச்சொல்லாய் ஏற்று ஒருவரும் தெளிக்கலாகாது. புட்டியின் மேலுள்ள சீட்டைப் படித்து, அப்பயிருக்கும் அப்பூச்சிக்கும் அது அனுமதிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் படிக்கத் தெரிந்தவரைக் கொண்டு வாசிக்கச் செய்க.

இரகசியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. யந்திரம் பதிந்தவற்றிற் சிலவற்றைக் கம்பெனிகளுக்காக மனிதரே கேட்டு வந்தது 2019-ல் பத்திரிகைகளில் வெளியாயிற்று. பாகப் பேச்சும் கிரயப் பேச்சும் நடக்கும் கூடத்தில் கருவியின் ஒலிவாங்கியை அதன் மேலுள்ள பொத்தானால் அடைத்துவிடுவது புத்திசாலித்தனம். வங்கியின் டெலிபோன் எண்ணைக் குரல் உதவியாளரிடம் கேளாமல், பாஸ் புத்தகத்திலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். செல்போனுக்கு வரும் ஒரு முறைக் கடவு எண்ணை எவரிடமும் உரக்கச் சொல்லலாகாது. கிராம அதிகாரிகள் இதைத் தம் கிராமத்தார்க்கு அடிக்கடி நினைவூட்டுதல் பேருபகாரமாகும்.

பி.எம். கிசான் தவணை வந்ததா என்று வாயாலேயே கேட்டறிய, மத்திய சர்க்கார் 2023 செப்டம்பரில் தொடங்கிய 'கிசான் இ-மித்ரா'வைத் தமிழிலும் உபயோகிக்கலாம். பயிரைப் பற்றி மனிதரிடமே கேட்க விரும்புவோர், 1800-180-1551 என்னும் கிசான் கால் சென்டர் எண்ணில், காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, கட்டணமின்றித் தமிழிற் பேசலாம். தாக்கப்பட்ட தூரை வேருடன் பறித்து, ஈரத் துணியிற் சுற்றி, அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்திற்குக் கொண்டுவந்தால், நேரில் பார்த்து யோசனை கூறப்படும்.