மீட்டர் தெரிந்தால் கருவேலம் மலிவு

ராமநாதபுரம் மாவட்டத்தில் வீட்டுமனையைப் பராமரிப்பது என்றால், பாதி வேலை சீமைக்கருவேலத்தோடு மல்லுக்கட்டுவதுதான். வீட்டுக்காரர் துபாயிலோ சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பார். ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைத்த கன்று அடுத்த ஆண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும். ஊரில் இருக்கும் மச்சான் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்: "ஜேசிபி விட்டாச்சு மாப்ள, மூணு மணி நேரத்துக்கு மேல ஆயிருச்சு, ஜிபே பண்ணிரு." பணம் போய்விடும். எதற்கு எவ்வளவு என்று கேட்கக் கூச்சம், கேட்டாலும் விடை சரியா தப்பா என்று தெரியாது. மச்சானுக்கும் தெரிந்திருக்காது என்பதுதான் வேடிக்கை.

நம் ஆட்கள் பேரம் பேசுவதில் சளைத்தவர்கள் அல்லர். மணிக்கு நூறு ரூபாய் குறைக்க அரைமணி நேரம் பேசுவார்கள். ஆனால் அந்த மணியை எதை வைத்து எண்ணப்போகிறார்கள் என்று கேட்பதில்லை. பணம் கைவிட்டுப் போவது அங்கேதான்.

ஜேசிபி ஓட்டுநரின் இருக்கைக்குப் பக்கத்தில் மணிக்கணக்குக் காட்டும் மீட்டர் இருக்கும். அது இன்ஜின் ஓடும் நேரத்தை எண்ணுவது. கடைசி இலக்கம் மணியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 6 நிமிடம். வேலை தொடங்கும்போது 4512.3 என்றும் முடிந்தபோது 4515.1 என்றும் காட்டினால் ஓடியது 2.8 மணி, அதாவது 2 மணி 48 நிமிடம். இதை "ரெண்டு மணி எண்பது நிமிஷம்" என்று படித்து, மூன்றே கால் மணிக்கும் மேல் என்று கணக்குச் சொன்னால் கேட்பவர் தலையாட்டிவிடுவார். மணிக்கு 1,200 ரூபாய் என்றால் 3,360 கொடுக்க வேண்டிய இடத்தில் 4,000 போகும். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்காமலேயே 640 ரூபாய் கூடிவிடும். ஓட்டுநர் டீ குடிக்கப் போகும்போது இன்ஜினை அணைக்காமல் போனாலும் மீட்டர் ஓடும். ஆகவே வண்டி மனைக்குள் இறங்கிய பிறகு ஒரு படம், வேலை முடிந்ததும் ஒரு படம், இரண்டும் மீட்டர் தெரியும்படி கேட்டு வாங்குங்கள். வண்டி கிளம்பிய இடத்திலிருந்து எண்ணுவதா, மனையில் இறங்கியதிலிருந்தா, குறைந்தபட்சம் இத்தனை மணி என்று கட்டாயம் உண்டா, ஓட்டுநர் பேட்டா தனியா என்பதையும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. வாட்ஸ்அப் செய்தியே போதும்.

விலை எவ்வளவு? தமிழ்நாட்டின் பல ஊர்களில் கடந்த சில ஆண்டுகளில் தனியார் ஜேசிபிக்கு மணிக்கு 1,000 முதல் 1,500 ரூபாய் வரை கேட்கிறார்கள். டீசல் விலை, வந்துபோகும் தூரம், சீசன் இவற்றைப் பொறுத்து ஏறி இறங்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் உண்டு. வேளாண் பொறியியல் துறை விவசாயிகளுக்கு இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது, உழவன் செயலி வழியாகவும் பதிவு செய்யலாம். சக்கரம் வைத்த மண் அள்ளும் இயந்திரத்துக்கு மணிக்கு 890 ரூபாய், டிராக்டருக்கு 500 ரூபாய் என்ற கட்டணம் நடைமுறையில் இருந்தது. இன்றைய விலையை மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். வீட்டுமனைக்கு அந்த வண்டி கிடைக்காது, நிலம் விவசாய நிலமாக இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது, என்ன வேலைக்கு அந்த விலை என்பது. "மனையைக் கிளீன் பண்ணித் தர்றோம்" என்ற சொல்லுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. தரையோடு வெட்டுவது ஒன்று, தூரோடு பிடுங்குவது இன்னொன்று. வெட்டிவிட்ட அடித்தூரிலிருந்து நாலைந்து கிளை பீறிட்டு வரும், அடுத்த ஆண்டு முன்பைவிடப் புதராக நிற்கும். குறைந்த விலை சொல்கிறவர் பெரும்பாலும் வெட்டுவதைத்தான் சொல்கிறார். தூரைப் பிடுங்கினாலும் முழு நிம்மதி இல்லை. ஆடுமாடு தின்ற நெற்று சாணத்தோடு மண்ணில் விழுந்து, விதை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். மழை விட்டு மண் ஈரமாக இருக்கும்போது ஓர் ஆளை விட்டுக் கன்றுகளைக் கையால் பிடுங்குவது, பெரிய மரமான பிறகு வண்டி விடும் செலவில் ஒரு சிறு பங்குதான். ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் செலவைச் செய்யாதவர்தான் ஜேசிபிக்கு அழுகிறார்.

விறகை மறந்துவிடாதீர்கள். முதுகுளத்தூர், கமுதி, கடலாடி வட்டாரங்களில் கருவேலம் ஒரு பிழைப்பு. வெட்டி அடுக்கி, மண் பூசி, கரிமூட்டம் போட்டு எரித்துக் கரியாக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். ஏக்கர்க்கணக்கில் முற்றிய மரம் நின்றால் நிலத்துக்காரருக்கே பணம் கொடுத்து வெட்டிக்கொள்ளும் ஆட்கள் உண்டு. ஐந்து சென்ட் மனைக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள், ஆனால் விறகை அவர்கள் எடுத்துக்கொள்வதாக இருந்தால் கூலியில் எவ்வளவு கழியும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. விறகும் போய், கூலியும் முழுசாகப் போவது வழக்கமாகிவிட்டது.

மரம் அகற்றும் வேகத்தில் அகற்றக் கூடாதவையும் போய்விடும். முதலில் சர்வே கல். புதருக்குள் மறைந்திருக்கும் எல்லைக்கல்லை வண்டி தோண்டிப் போட்டுவிட்டால், பக்கத்து மனைக்காரரோடு வரும் தகராறு கருவேலத்தைவிட ஆழமாக வேர்விடும். நில அளவை, எல்லைகள் சட்டம் 1923இன்படி அளவைக் குறிகளைச் சேதப்படுத்துவது குற்றமும்கூட. வண்டி வருவதற்கு முன்பு புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லைத் தேடி, கம்பு நட்டுத் துணி கட்டிவிடுங்கள். அடுத்தது பனை. 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று தமிழக அரசு அறிவித்தது. "சேர்த்துத் தள்ளிரட்டுமா?" என்று ஓட்டுநர் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் அங்கே நிற்க வேண்டும். மனைக்கு மேலே மின்கம்பி போனால் வண்டியின் கை உயரும் முன் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். மின்னகம் எண் 94987 94987.

கடலோரத்தில் இடம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் மணல்மேட்டைச் சமப்படுத்தி, புல்தரை போட்டு, விருந்தினர் விடுதி மாதிரி ஆக்கிவிடலாம் என்று ஆசை காட்டுகிறவர்கள் உண்டு. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள், 2011இல் வந்ததும் சரி 2019இல் வந்ததும் சரி, அழகுபடுத்துவதற்காக மணல்குன்றுகளை மாற்றியமைப்பதைத் தடை செய்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அதன் கரை இது. காண்ட்ராக்டர் வேலையை முடித்துப் பணத்தோடு போய்விடுவார். நோட்டீஸ் வந்தால் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

புல்தரை சட்டப்படி சரியான இடமாகவே இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வெயிலில் புல்லுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். 100 சதுர மீட்டருக்கு நாளுக்கு 500 லிட்டர், மாதம் 15,000 லிட்டர். மணல் பூமி அதற்கு மேலும் குடிக்கும். ஆண்டு முழுதும் பெய்வதே சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதுவும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில். கிணறு உவர்ப்பு என்றால் லாரித் தண்ணீர்தான் கதி. மாதப் பராமரிப்பு இவ்வளவு என்று தோட்டக்காரர் சொல்லும் தொகையில் தண்ணீர் இருக்காது. உண்மையான செலவு தோட்டக்காரர் சம்பளத்தில் இல்லை, லாரியில் இருக்கிறது. முன்வாசலில் கொஞ்சம் அருகம்புல், ஒரு வேம்பு, ஒரு புங்கை என்று நிறுத்திக்கொள்பவர் புத்திசாலி என்பது என் கருத்து.

சரி, பணம் வாங்கிக்கொண்டு பாதி மனையை வெட்டிவிட்டுப் போய்விட்டார், அல்லது தூரோடு பிடுங்குவதாகச் சொல்லி மேலோடு வெட்டிவிட்டார். என்ன செய்யலாம்? இது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் வரும் சேவைக் குறைபாடு. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். இத்தனை சென்ட் மனையைச் சுத்தம் செய்து தருவதாக ஒருவர் மொத்தமாக ஒப்புக்கொண்டிருந்தால் சட்டம் உங்கள் பக்கம் வரும். நீங்களே நாள்கூலிக்கு ஆள் பிடித்து, நின்று வேலை வாங்கியிருந்தால் அது தனிப்பட்ட ஊழியம், இந்தச் சட்டத்துக்குள் வராது. கேட்டும் பில் தராமல் இருப்பதையும் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது சட்டம். "பில்லெல்லாம் யாரு சார் போடுறா" என்பவரிடம் தொகை, வேலை, தேதி எழுதிய ஒரு துண்டுச்சீட்டாவது கையெழுத்தோடு வாங்குங்கள். ஜிபேயில் அனுப்பினால் குறிப்புப் பகுதியில் வேலையை எழுதி அனுப்புங்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வெளியூரில் இருப்பவர்களுக்கு 2019 சட்டம் ஒரு பெரிய வசதி செய்திருக்கிறது. மனை ராமநாதபுரத்தில் இருந்தாலும், புகார்தாரர் தான் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். சென்னையில் இருப்பவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஊருக்கு ரயிலேற வேண்டியதில்லை. வழக்குக்குக் காரணமான நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தொடுத்துவிட வேண்டும். வாட்ஸ்அப் பேச்சையும் மீட்டர் படங்களையும் அழிக்காமல் அதுவரை அதே போனில் வைத்திருங்கள்.