இலவம்பஞ்சுத் தலையணையைத் துவைக்கலாமா?

போன மாதம் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வரவு எல்லாம் பேசி முடித்து டீ வந்த நேரம். ஒரு அக்கா எழுந்து, “பொங்கலுக்கு வீட்டையே கழுவுறோம், பாயைக்கூட அலசிப் போடுறோம். தலையணையை மட்டும் ஏன் யாரும் துவைக்க மாட்டேங்கறோம்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் துவைத்துப் பார்த்துக் கெடுத்தவர்களின் கதை அடுத்த ஐந்து நிமிடத்தில் வரிசையாக வர ஆரம்பித்தது.

ஒரு உறுப்பினர் மகள் கல்யாணத்துக்குச் சீராக வாங்கிய தலையணைகளை, பிரசவத்துக்கு மகள் வீட்டுக்கு வரும் முன்னால் சுத்தமாக இருக்கட்டும் என்று சோப்புத் தூள் போட்டு ஊற வைத்திருக்கிறார். மூன்று நாள் வெயிலில் போட்டார். மேலே தொட்டால் காய்ந்திருந்தது. எடுத்து வைத்த இரண்டாவது வாரம் வீடு முழுக்க ஒரு முடை நாற்றம். ஏற்கனவே இளைப்பு உள்ள பேத்தி இரவெல்லாம் இருமியிருக்கிறாள். பிரித்துப் பார்த்தால் பஞ்சு உருண்டை உருண்டையாகக் கட்டி, நடுவில் கறுப்பாகப் பூசணம். நல்ல எண்ணத்தில் செய்த வேலைதான், ஆனால் தலையணையும் போச்சு, பிள்ளைக்கும் சிரமம்.

நாங்களும் பெரிய யோக்கியம் இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு சுகாதாரப் பயிற்சிக்காக எங்கள் பயிற்சிக் கூடத்துத் தலையணை பத்தையும் தொட்டியில் போட்டு மிதித்துத் துவைத்தோம். பத்தையும் குப்பையில்தான் போட்டோம். அதனால் பட்டறிவோடுதான் இதை எழுதுகிறோம்.

ஏன் இப்படி ஆகிறது? இலவம்பஞ்சு பருத்திப் பஞ்சு மாதிரி இல்லை. ஒவ்வொரு இழையும் ஒரு சின்னக் குழல். உள்ளே முக்கால் பங்குக்கும் மேல் காற்றுதான். மேலே மெழுகு பூசின மாதிரி ஒரு வழவழப்பு இருக்கும். அதனால்தான் கனமே இல்லாமல் மெத்தென்று இருக்கிறது, தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. இரண்டாம் உலகப்போர் காலம் வரை கப்பலில் போகிறவர்களின் மிதவைச் சட்டைக்குள் இந்தப் பஞ்சைத்தான் அடைத்தார்கள். இவ்வளவு நல்ல பஞ்சுக்கு ஒரே ஒரு பலவீனம், இழை சட்டென்று ஒடிந்துவிடும். அடித்துத் துவைத்து முறுக்கிப் பிழிந்தால் குழல் நசுங்கி உடைகிறது. சோப்பு மெழுகையும் எடுத்துவிடுகிறது. இழைகளுக்கு நடுவில் மாட்டின தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கிடந்து புழுங்குகிறது.

ஆகவே உறைக்குத் தண்ணீர், பஞ்சுக்கு வெயில். இந்த ஒன்றை ஞாபகம் வைத்தால் போதும்.

முதலில் உறை. நம் தலையில் எண்ணெய் இருக்கும், வேர்வை இருக்கும், வயல் புழுதி இருக்கும். ஒரே உறை போட்டால் இதெல்லாம் நேராகப் பஞ்சுக்குள் இறங்கும். அதனால் இரண்டு உறை வேண்டும். உள்ளே நெருக்கமாக நெய்த மெத்தைத் துணியில் தைத்தது, மேலே கழற்றி மாட்டுகிற மாதிரி பழைய வேட்டியிலோ நூல் சேலையிலோ தைத்தது. மேல் உறையை வாரம் ஒருமுறை துவைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடத்தில் சோப்பைத் தேய்த்து, கை பொறுக்காத சூட்டு வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைத்தால் கறையும் விடும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகளும் சாகும். இந்தப் பூச்சிகளின் கழிவுதான் பல பேருக்குத் தும்மலையும் இளைப்பையும் கிளப்பிவிடுகிறது. சாயம் போகிற துணியைத் தனியாக ஊற வையுங்கள், வெந்நீர்ப் பாத்திரத்தின் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள்.

அடுத்தது வெயில். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலை பத்து மணி வாக்கில் மேல் உறையைக் கழற்றிவிட்டு, தலையணையைக் கயிற்றுக் கட்டிலில் போடுங்கள். கட்டிலில் போட்டால் கீழேயும் காற்றுப் போகும், மண்ணும் ஒட்டாது. மதியம் ஒருமுறை திருப்பிப் போட்டு, மூன்று மணிக்கெல்லாம் எடுத்து இரண்டு கையாலும் தட்டிவிட்டால் பஞ்சு பொம்மென்று எழும்பும். பனி இறங்கும் வரை விட்டுவிட்டால் காய வைத்ததற்கே பிரயோஜனம் இல்லை. சூட்டோடு உறை மாட்டாமல் ஆற விட்டு மாட்டுங்கள். கம்பை எடுத்து மாட்டை அடிக்கிற மாதிரி அடிப்பவர்களும் உண்டு. வேண்டாம். இழை ஒடிந்து தூளாகி, அந்தத் தூளே பிறகு மூக்கில் ஏறும்.

வருடத்துக்கு ஒருமுறை, கோடையில், பிரித்துக் காய வைப்பது நல்லது. பிரித்தால் பஞ்சு ஊரெல்லாம் பறக்குமே என்பீர்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது, இதையும் ஒரு பாட்டிதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். கிழியாத பழைய கொசுவலையில் ஒரு பை மாதிரி தைத்துக்கொள்ளுங்கள். தலையணையின் ஒரு ஓரத்தில் ஒரு சாண் தையலைப் பிரித்து, அந்த வாயைக் கொசுவலைப் பைக்குள் விட்டு, பஞ்சை உள்ளுக்குள்ளேயே தள்ளிவிடுங்கள். பை வாயைக் கட்டி, கொடியில் தொங்கவிட்டு அவ்வப்போது குலுக்குங்கள். தூசி கீழே கொட்டும், பஞ்சு உள்ளேயே நிற்கும். கறுப்புக் கட்டி, விதை தென்பட்டால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். விதை இருந்தால் எலி தேடி வரும். காலியான உள் உறையை அன்றைக்கே துவைத்துக் காயப் போட்டால் சாயங்காலம் திரும்ப அடைத்துத் தைத்துவிடலாம். இந்த வேலை செய்யும்போது மூக்கு, வாயை ஈரத்துணியால் கட்டிக்கொள்ளுங்கள். இளைப்பு உள்ளவர்கள் கிட்டேயே வரக்கூடாது.

அடுப்பு, சாமி விளக்கு, பீடி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. உள்ளே எல்லாம் காற்றாக இருப்பதால் இலவம்பஞ்சு குப்பென்று பற்றிக்கொள்ளும். ராத்திரி கொசுவத்திச் சுருளைத் தலைமாட்டில் வைக்கிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதைத் தள்ளி வையுங்கள்.

குழந்தை மூத்திரம் போய்விட்டால் அப்படியே வெயிலில் போட்டுச் சமாளிக்கப் பார்க்கிறோம். அந்த இடத்துத் தையலைப் பிரித்து நனைந்த பஞ்சை மட்டும் எடுத்துப் போட்டுவிடுவதுதான் சரி. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தலையணையே வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். முகம் புதைந்தால் அதற்குத் திருப்பத் தெரியாது. மாமியார், பாட்டி கோபித்துக்கொண்டாலும் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டில் இளைப்பு உள்ளவர்கள் இருந்தால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறோம். வெயில் ஈரத்தை எடுக்கும், பூச்சியைக் குறைக்கும். ஆனால் உள்ளே சேர்ந்த பழைய தூசி முழுசாகப் போகாது. அவர்களுக்கு மட்டும் துவைக்கக்கூடிய ஃபைபர் தலையணை வாங்கிக்கொடுப்பது மேல். அதைச் சோப்புத் தண்ணீரில் அமுக்கி அலசி, முறுக்காமல் தண்ணீரை வடித்து, உள்வரை காய்ந்ததா என்று பார்த்துக்கொண்டால் போதும். தலையணையை மாற்றியாச்சு என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுத்தான் எதுவும்.

பட்டணத்து வீடுகளில் வேலை செய்கிற நம் பெண்கள் பறவை இறகுத் தலையணையைப் பார்த்திருப்பார்கள். அதில் தைத்திருக்கும் சீட்டில் துவைக்கலாம் என்று இருந்தால், கொஞ்சமாகச் சோப்புப் போட்டு அலசலாம். காய்கிற வரை அடிக்கடி உதறிவிட வேண்டும். அதே முறையை வீட்டுக்கு வந்து இலவம்பஞ்சில் செய்துவிடக் கூடாது.

இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டும் வாடை போகவில்லை, அமுக்கினால் எழும்பவில்லை, தட்டினால் புகை மாதிரி தூள் வருகிறது என்றால் அந்தப் பஞ்சுக்கு ஆயுள் முடிந்தது. உறையை வைத்துக்கொண்டு பஞ்சை மட்டும் மாற்றுங்கள். ஒரு தலையணைக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடக்குறைய பிடிக்கும். தேனி மாவட்டம் போடிநாயக்கனூர்ப் பக்கம் இது பெரிய தொழில், அங்கிருந்து ஊர் ஊராகப் போகிறது. வண்டியில் வருகிறவரிடம் வாங்கும்போது பழைய பருத்திக் கழிவைக் கலந்திருக்கிறாரா என்று பார்க்க, ஒரு சொம்புத் தண்ணீர் போதும். ஒரு சிட்டிகைப் பஞ்சை அதில் போட்டு விரலால் அமுக்கிவிடுங்கள். இலவம்பஞ்சு திரும்ப மேலே வந்து மிதக்கும். பருத்தி தண்ணீரைக் குடித்து அடியில் போய்விடும். அவர் முன்னாலேயே செய்து பார்த்துவிட்டு, பிறகு விலை பேசுங்கள்.