பட்டியலின் அடியில்

கால்பந்தாட்டப் பருவம் முடியும் வாரங்களில் செய்தித்தாளைப் பிரிப்போர் பெரும்பாலும் புள்ளிப் பட்டியலின் உச்சியையே நோக்குகின்றனர். கோப்பை யாருக்கு என்பதே அவர்கள் அறிய விரும்புவது. ஆயினும் அதே பட்டியலை அடியிலிருந்து மேல்நோக்கிப் படிப்போரும் உண்டு. கல்கத்தாவிலும் கோவாவிலும் வடகிழக்கு மலைநாடுகளிலும் வாழும் நம் நேயர்கள் இவர்களை நேரிலேயே கண்டிருப்பார்கள். இவர்களுடைய கேள்வி கோப்பையைப் பற்றியதன்று. 'அடுத்த ஆண்டும் நம் சங்கம் இந்தப் பிரிவில் இருக்குமா?' என்பதே அது. இவ்வுரையில் அக்கேள்வியைச் சற்று விரிவாகக் காண்போம்.

முறை எளியது. இங்கிலாந்தின் முதற்பிரிவாகிய பிரீமியர் லீகில் 20 சங்கங்கள் ஆடுகின்றன. ஒவ்வொன்றும் மற்ற 19 சங்கங்களோடும் இருமுறை மோதுவதால், ஒரு பருவத்தில் ஒரு சங்கத்துக்கு 38 பந்தயங்கள். வென்றால் 3 புள்ளி, சமநிலையில் முடிந்தால் 1 புள்ளி. இறுதியில் கடைசி மூன்று இடங்களில் நிற்கும் சங்கங்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்க, அங்கிருந்து மூன்று சங்கங்கள் மேலேறி வருகின்றன.

இதனை ஆங்கிலத்தில் 'ரெலிகேஷன்' என்பர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இச்சொல்லுக்கு நிகர் தேடிச் சற்றுத் தடுமாறியதுண்டு. 'வெளியேற்றம்' என்பது பிழை; இறங்கிய சங்கமும் அடுத்த ஆண்டு ஆடத்தான் போகிறது. 'பதவியிறக்கம்' என்றாலோ அலுவலக ஒழுங்கு நடவடிக்கையின் வாடை வீசுகிறது. இங்கே குற்றம் புரிந்தவர் எவருமிலர். ஆகவே 'கீழிறக்கம்' என்றே வைத்துக்கொள்வோம்.

கீழிறங்கும் சங்கம் இழப்பது மானத்தை மட்டுமன்று. தொலைக்காட்சி உரிமையால் வரும் பணம் ஒரே கோடையில் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. அதிர்ச்சியைத் தாங்குவதற்கெனச் சில ஆண்டுகளுக்கு ஓர் உதவித்தொகை தரப்படினும், அது முழு ஈடாகாது. சிறந்த ஆட்டக்காரர்கள் விலகிச் செல்வர். கீழிறங்கினால் ஊதியம் குறையும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பதும் வழக்கம். கோல் போட்டுப் புகழ் பெறுவோர் எங்கும் பிழைத்துக்கொள்வர். நுழைவுச்சீட்டு விற்பவரும் புல்வெளியைப் பேணுபவரும் போக வேறு இடம் ஏது?

நம் நாட்டில் இந்த அச்சம் எல்லாப் போட்டிகளிலும் இருந்ததில்லை. 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் பல ஆண்டுகள் கீழிறக்கமின்றியே நடந்தது. ஐ-லீகில் அது இருந்தது. கோயம்புத்தூரைத் தன் ஆடுகளமாகக் கொண்ட சென்னை சிட்டி சங்கம், 2017-18ஆம் பருவத்தில் 10 சங்கங்களுள் 8ஆவதாக, 19 புள்ளிகளோடு தப்பிற்று. அதற்குக் கீழே நின்ற கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் பெற்றவை 17. இந்த இரண்டு புள்ளி இடைவெளியில் பிழைத்த அதே சங்கம் அடுத்த பருவத்தில், 2019 மார்ச் 9 அன்று, ஐ-லீக் வெற்றிச் சங்கமாயிற்று. தமிழ்நாட்டார் பலர்கூட இதனை அறியார் என்பது நமக்கு ஒரு குறையே.

இத்தகைய மீட்சிகளுள் விரிவாகக் கூறத்தக்கது இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி 2015இல் நடத்திய போராட்டம். லெஸ்டர் நம்மவர்க்கு முற்றிலும் அந்நியமான ஊரன்று. 1972இல் உகாண்டாவிலிருந்து துரத்தப்பட்ட குஜராத்தியர் ஆயிரக்கணக்கில் குடியேறிய நகரம் அது. தீபாவளிக்குப் பெயர் பெற்றது. பிறந்த ஊரை விட்டு வந்தவர் வாழும் ஊரின் வெற்றி தோல்விகளைத் தமதாக ஏற்பது எப்படி நேர்கிறது என்பதை நம் நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

2014இல்தான் இரண்டாம் பிரிவிலிருந்து மேலேறி வந்திருந்தது லெஸ்டர். அவ்வாண்டு செப்டம்பர் 21 அன்று, 1-3 என்று பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு மான்செஸ்டர் யுனைடெட்டை 5-3 என்று வீழ்த்தியது. இனிக் கவலையில்லை என்று ஊரார் எண்ணியிருப்பர். அதன்பின் லீகில் அடுத்த 13 பந்தயங்களில் ஒன்றைக்கூட அச்சங்கம் வெல்லவில்லை. கிறிஸ்துமஸ் அன்று பட்டியலின் கடைசி இடம் அதனுடையது. 1992இல் பிரீமியர் லீக் தோன்றிய பின், கிறிஸ்துமஸில் கடைசியில் இருந்தும் தப்பிய சங்கங்கள் அதுவரை இரண்டே: 2005இல் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன், 2014இல் சண்டர்லாந்து.

2015 மார்ச் 21 அன்று டாட்டன்ஹாமிடம் 3-4 என்று தோற்றபோது, லெஸ்டர் 29 பந்தயங்களில் 19 புள்ளிகளே சேர்த்திருந்தது. கரையேறத் தேவையான இடம் 7 புள்ளி தொலைவில் இருந்தது. எஞ்சியவை 9 பந்தயங்கள்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1981 வரை வெற்றிக்கு 2 புள்ளிகளே தரப்பட்டன. அது 3 ஆக உயர்ந்ததும் சமநிலையின் மதிப்புத் தாழ்ந்தது. மூன்று சமநிலைகள் சேர்ந்தால்தான் ஒரு வெற்றிக்கு ஈடு. அடிநிலைச் சங்கங்கள் அஞ்சி அஞ்சி ஆடிச் சமநிலையோடு மன நிறைவு கொள்வது இயல்பு. அவற்றுள் ஒன்று துணிந்து அடுத்தடுத்து வெல்லுமாயின், மற்றவற்றை விரைவில் தாண்டிவிடுகிறது. லெஸ்டர் செய்தது இதுவே.

பயிற்சியாளர் நைஜல் பியர்சன் பின்காப்பில் மூவரை நிறுத்தும் முறைக்கு மாறினார். பிப்ரவரியில் ஸ்டோக் சங்கத்திடமிருந்து இரவலாகப் பெற்ற ராபர்ட் ஹூத் அதற்குத் தூணாக நின்றார். நடுக்களத்தில் அர்ஜென்டினாவின் கம்பியாஸோ; முன்னணியில் ஜேமி வார்டி. மருத்துவப் பயன்பாட்டுக்கான தாங்குபட்டைகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சிறு சங்கங்களில் ஆடி, படிப்படியாக ஏறி வந்தவர் வார்டி. ஏணியில் இறங்குவோரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கையில், ஏறி வந்த இவரையும் நினைக்கத் தோன்றுகிறது.

மற்றொரு வேடிக்கையும் உண்டு. வண்டிகள் நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் 2012இல் கண்டெடுக்கப்பட்ட மூன்றாம் ரிச்சர்டு மன்னனின் எலும்புகள், 2015 மார்ச் 26 அன்று லெஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. அடுத்த பந்தயத்திலிருந்தே வெற்றிகள் தொடங்கின. மன்னனின் ஆசி என்று ஊரார் நகையாடினர். ஹூத்தின் தலைமுட்டுக்கும் அதில் பங்குண்டு என்பது நம் கருத்து.

ஏப்ரல் 4 அன்று வெஸ்ட் ஹாமுக்கு எதிராக 86ஆம் நிமிடத்தில் ஆண்டி கிங் போட்ட கோல் 2-1 வெற்றியைத் தந்தது. ஒரு வாரம் கழித்து வெஸ்ட் பிராம்விச்சில் 1-2 என்று பின்தங்கி, ஹூத் 80ஆம் நிமிடத்தில் சமன்செய்ய, ஆட்டத்தின் இறுதிக் கணங்களில் வார்டி வெற்றி கோலைப் போட்டார். ஸ்வான்சீயையும் வென்றதும் லெஸ்டர் கடைசி இடத்திலிருந்து எழுந்தது.

ஏப்ரல் 25 அன்று பர்ன்லி நகரில் நடந்ததைச் சற்று நின்று காண வேண்டும். லெஸ்டரிடம் 28 புள்ளி, பர்ன்லியிடம் 26. வென்றால் பர்ன்லி முந்திவிடும். கோல் எதுவும் விழாத நிலையில், ஒரு மணி நேரம் நெருங்கும் வேளையில், பர்ன்லிக்குப் பெனால்டி கிடைத்தது. மேட் டெய்லர் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பிற்று. அடுத்த நிமிடத்திலேயே மறுமுனையில் வார்டி கோல் போட்டார். ஆட்டம் 1-0 என்று முடிந்தது. பந்து ஒரு சாண் உட்புறமாகச் சென்றிருப்பின், இன்று நாம் பர்ன்லியின் மீட்சியைப் பற்றி உரையாற்றிக்கொண்டிருக்கவும் கூடும். திறமையும் ஊக்கமும் எவ்வளவு இருந்தாலும், அடித்தட்டில் நிற்போரின் விதியில் ஒரு பகுதி பிறர் காலில் இருக்கிறது. மே 9 அன்று ஹல் நகரில் வென்றபின்னும் பர்ன்லி கீழிறங்கிற்று. மற்ற ஆட்டங்களின் முடிவு அதற்கு உதவவில்லை.

செல்சியிடம் மட்டும் லெஸ்டர் தோற்றது. நியூகாசிலையும் சவுதாம்ப்டனையும் வென்று, மே 16 அன்று சண்டர்லாந்தில் கோலின்றிச் சமநிலை கண்டு பிழைத்தது. எந்தச் சமநிலையைச் சற்று முன் இகழ்ந்தோமோ, கரையேற்றிய கடைசிப் புள்ளி அதிலிருந்தே வந்தது. மே 24 அன்று குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸை 5-1 என்று வென்று, 41 புள்ளிகளோடு 14ஆம் இடத்தில் பருவத்தை முடித்தது. அவற்றுள் 22 புள்ளிகள் கடைசி 9 பந்தயங்களில் சேர்த்தவை. சங்கத்தைக் காத்த பியர்சன் ஜூன் 30 அன்றே பணி நீக்கம் பெற்றார் என்பது வேறு கதை.

பின்னர் நடந்ததைப் பலரும் அறிவர். கிளாடியோ ரனியேரியின் பயிற்சியில், 5000க்கு 1 என்று பந்தயக்காரர்கள் ஒதுக்கிய அதே லெஸ்டர், 2016 மே 2 அன்று இங்கிலாந்தின் வெற்றிச் சங்கமாயிற்று. கோப்பையை வென்ற அந்தப் பருவம் உலகெங்கும் பேசப்படுகிறது. அதற்கு முந்திய ஒன்பது பந்தயங்கள் இல்லையேல் அது இல்லை.

ஏழு ஆண்டுகள் கழித்து மீண்டும் அதே அடித்தட்டு. 2023 மே 28, பருவத்தின் கடைசி நாள். லெஸ்டர் வென்றாக வேண்டும். எவர்ட்டன் வெல்லாதிருக்கவும் வேண்டும். லெஸ்டர் தன் பங்கைச் செய்தது. வெஸ்ட் ஹாமை 2-1 என்று வென்றது. லிவர்பூலில் 57ஆம் நிமிடத்தில் எவர்ட்டனின் டூக்கூரே ஒரு கோல் போட, போர்ன்மத்தால் அதைத் திருப்ப இயலவில்லை. எவர்ட்டன் 36 புள்ளிகளோடு நின்றது. லெஸ்டர் 34 புள்ளிகளோடு இறங்கிற்று.