செய்திப் படம் பிடிக்கும் கலை

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் நாட்டுப் பழமொழி. இளமையில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆயினும், காமிராவுக்கு இது பொருந்தாது என்றே எண்ணியிருந்தேன். மனிதனுடைய கண் ஏமாறலாம். கண்ணாடி வில்லையும் பிலிமும் கொண்ட ஒரு கருவி எவ்வாறு ஏமாறும்? எதிரே உள்ளதைத்தானே அது பதிவு செய்யும்? தொலைக்காட்சிச் செய்திக்குப் படம் பிடிக்கும் தொழிலில் நெடுங்காலம் உழைத்த பிறகு, அந்தப் பழமொழியைச் சொல்லி வைத்தவர் காமிராவைக் கண்டிராவிட்டாலும் அதன் இயல்பை நன்கு அறிந்தவர் என்று எனக்குத் தோன்றுகிறது. அஃது ஏன் என்பதை மாணவர்களாகிய உங்களுக்கு விளக்குவதே என் நோக்கம்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 ஆம் நாள் டில்லியில் ஒரு சோதனை முயற்சியாகத் தொடங்கிற்று. சென்னைக்கு அது 1975 ஆகஸ்ட் 15 இல் வந்தது. நான் இத்தொழிலில் சேர்ந்தது அதற்குச் சற்றுப் பின்னர். அக்காலத்தில் செய்திப் படங்களை 16 மில்லிமீட்டர் அகலமுள்ள கறுப்பு வெள்ளைப் பிலிமில் எடுத்து வந்தோம். நாங்கள் கையில் கொண்டு சென்ற சிறிய காமிராவில் 100 அடிச் சுருள் ஒன்று கொள்ளும். ஓர் அடியில் 40 படங்கள்; ஆகவே ஒரு சுருளில் 4,000 படங்கள். தொலைக்காட்சிக்கு நொடிக்கு 25 படங்கள் ஓட வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: 160 நொடியில், அதாவது 2 நிமிடம் 40 நொடியில், சுருள் தீர்ந்துவிடும். அதுவும் ஒரே மூச்சில் ஓடாது. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போலக் காமிராவின் ஸ்பிரிங்கை முறுக்க வேண்டும். ஒரு முறை முறுக்கினால் அரை நிமிடத்துக்கும் குறைவாகவே ஓடும். எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்பதை அங்கேயே பார்க்கவும் வழியில்லை. சுருளை நிலையத்துக்குக் கொண்டுவந்து கழுவிய பிறகே தெரியும்.

இந்த வறுமையே எங்களுக்கு முதல் ஆசானாக இருந்தது. இரண்டாவது ஆசான், எங்கள் பிரிவில் படங்களை வெட்டித் தொகுத்துவந்த ஒரு பெரியவர். "தம்பி, போன இடத்தில் உடனே காமிராவைத் தூக்காதே. பத்து நிமிஷம் சும்மா நில். என்ன நடக்கிறது, அது யாருக்கு நடக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்த பிறகு தூக்கு" என்பார் அவர். இன்றுவரை இதைவிடச் சிறந்த முதற்பாடத்தை நான் கேட்டதில்லை.

இனி, படங்களை எந்த முறையில் எடுப்பது என்று பார்ப்போம். நீங்கள் ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைகிறீர்கள். முதலில் உங்கள் கண்ணில் படுவது என்ன? வாழை மரமும் பந்தலும் கூட்டமும். அடுத்து, கூட்டத்தில் தெரிந்தவர் எவரேனும் இருக்கிறாரா என்று தேடுகிறீர்கள். பின்னர், மணப்பெண்ணின் முகத்தில் உங்கள் பார்வை நிற்கிறது. தூரத்திலிருந்து அண்மைக்குச் செல்வது கண்ணின் இயற்கை. அந்த இயற்கையைப் பின்பற்றியே நாங்கள் மூன்று அளவுகளில் படம் எடுக்கிறோம். தொழிலில் இவற்றை லாங் ஷாட், மிட் ஷாட், குளோஸ் அப் என்று சொல்வது வழக்கம். ஓர் ஏரிக்கரை உடையும் நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கரையையும் தளும்பும் நீரையும் முதற்படம் காட்ட வேண்டும். மணல் மூட்டைகளைக் கைமாற்றி நிற்கும் மனிதர்களை இரண்டாவது படம் காட்ட வேண்டும். சாக்கின் வாயைக் கட்டும் விரல்களும், நீர்மட்டத்தையே நோக்கி நிற்கும் ஒருவரின் முகமும் அடுத்த படங்கள். இந்த நான்கையும் வரிசையாகக் கண்டவருக்குச் செய்தி வாசிப்பவர் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு படத்தையும் ஆறேழு நொடியாவது அசையாமல் எடுக்க வேண்டும். பழகாதவர் காமிராவை இங்குமங்கும் திருப்பிக்கொண்டே இருப்பார். அசைய வேண்டியது நிகழ்ச்சியே அன்றிக் காமிரா அன்று. இன்னொரு விதியும் உண்டு. இருவர் எதிரெதிரே நின்று பேசும்போது, அவர்களுக்கிடையே ஒரு கோடு இருப்பதாகப் பாவித்துக்கொண்டு, அந்தக் கோட்டின் ஒரு பக்கத்திலேயே நின்று எடுக்க வேண்டும். கோட்டைத் தாண்டினால், திரையில் இருவரும் ஒரே திசையை நோக்குவது போலத் தோன்றும், பார்ப்பவர் குழம்புவார்.

ஒலியைப் பற்றியும் வானொலியில் பேசுகின்ற நான் சொல்லாமல் விடலாகாது. எங்கள் சிறிய காமிரா ஒலியைப் பதியாது. அதற்குத் தனிக் கருவி வேண்டும். ஆகையால் அந்த இடத்தின் ஒலிகளைக் காதால் தேடிப் பிடிக்கக் கற்றோம். வெள்ளம் வடிந்த தெருவில் சேற்றில் கால் புதைந்து எழும் ஓசை, நூறு சொற்களுக்கு ஈடாகும். படம் பிடிக்கக் கற்பவர் சிறிது நேரம் கண்ணை மூடி நின்று கேட்டுப் பழகுவது நல்லது.

இவையெல்லாம் ஆறு மாதத்தில் கற்றுவிடக் கூடியவை. கடினமான பாடம் இனிமேல்தான் வருகிறது.

ருஷ்ய நாட்டில், 1917 ஆம் ஆண்டுப் புரட்சியை ஒட்டிய காலத்தில், லெவ் குலெஷோவ் என்ற திரைப்பட ஆசிரியர் ஒரு சோதனை செய்தார். மோசுகின் என்ற நடிகரின் முகத்தை, எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரே படத்தை, அவர் எடுத்துக்கொண்டார். அதற்கு அடுத்து ஒரு முறை உணவுக் கிண்ணத்தையும், ஒரு முறை சவப்பெட்டியையும், ஒரு முறை ஒரு பெண்ணையும் இணைத்துக் காட்டினார். நடிகர் பசியையும் துயரத்தையும் காதலையும் அழகாக நடித்துள்ளார் என்று கண்டவர்கள் கருதினார்களாம். முகம் மாறவில்லை; அடுத்து வைத்த படமே மாறியது. இரண்டு படங்களை அருகருகே வைத்தால், இரண்டிலும் இல்லாத மூன்றாவது பொருள் ஒன்று பார்ப்பவர் மனத்தில் பிறக்கிறது. கதைப் படத்தில் இது கலை. செய்திப் படத்தில் இது என்ன ஆகும் என்பதை என் வாழ்வில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு சொல்கிறேன்.

1977 நவம்பரில் நாகப்பட்டினம் அருகே கடும் புயல் ஒன்று கரையைக் கடந்தது. அப்பொழுது அவ்வூர் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சில நாட்கள் கழித்து அப்பக்கத்துக் கிராமம் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் நிவாரண அரிசி வழங்கினார்கள். நான் வரிசை முழுவதையும் எடுத்தேன். அரிசி அளக்கும் கையை எடுத்தேன். ஒரு மூதாட்டி முன்னே வந்தார். அரிசி நிறைந்த பையை அவர் வாங்கும் தருணத்தில் என் காமிராவின் ஸ்பிரிங் ஓய்ந்துவிட்டது. நான் அவசரமாக முறுக்கிக்கொண்டே, "இன்னொரு தடவை கொடுங்கள், ஐயா" என்று அங்கிருந்த ஊழியரிடம் சொன்னேன். அவரும் எனக்கு உதவ எண்ணி, மூதாட்டியின் கையிலிருந்த பையைத் திரும்ப வாங்கினார். அந்த அம்மாளிடம் எவரும் ஒன்றும் சொல்லவில்லை. பை தம் கையை விட்டுப் போவதைக் கண்டதும் அவர் முகம் ஒடுங்கிற்று. கண்கள் நிறைந்து வழிந்தன. "எனக்கு இல்லையா, சாமி?" என்றார். என் காமிரா ஓடிக்கொண்டிருந்தது. நான் இரண்டடி முன்னே நகர்ந்து அந்த முகத்தை மட்டும் எடுத்தேன். மறுகணமே பை அவர் கைக்குத் திரும்பியது. "படத்துக்காகத்தான் பாட்டி" என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் செய்தியில், விழுந்து கிடந்த குடிசைகளுக்கு அடுத்து அந்த முகம் வந்தது. வீடிழந்தவர்களின் துயரத்தைப் பற்றிச் செய்தி வாசிப்பவர் உருக்கமாகப் பேசினார். பார்த்தவர்கள் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். நானும் மகிழ்ந்தேன்.

தொகுப்பு மேசைக்கு அருகே, வெட்டி எடுத்த பிலிம் துண்டுகளை ஆணியில் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். இரண்டு நாட்கள் சென்றபின் பெரியவர் அவற்றை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். நான் நடந்துகொண்டே எடுத்ததால் ஆட்டம் கண்டிருந்த இரண்டடித் துண்டு ஒன்றை அவரே முன்பு வெட்டி நீக்கியிருந்தார். அதை இப்பொழுது ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இதில் பையைக் கொடுக்கவில்லையே, பிடுங்குகிறார்களே?" என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். "அந்த அம்மாள் இடிந்த வீட்டை நினைத்து அழுததாக ஊரே நம்பிவிட்டது. அவர் அழுதது உன் ஸ்பிரிங் ஓய்ந்ததற்காக" என்று சொல்லி, அந்தத் துண்டைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

மாணவர்களே, சிந்தித்துப் பாருங்கள். குடிசைகள் விழுந்தது உண்மை. கண்ணீர் உண்மை. அந்த அம்மாள் புயலில் அடிபட்டவர் என்பதும் உண்மை. ஆயினும் செய்தி பொய்யாயிற்று. பொய் எந்தப் படத்திலும் இல்லை. இரண்டு படங்களை ஒட்டிய இடத்தில் இருந்தது. இரண்டு அடி என்பது 80 படங்கள். மூன்று நொடிக்குச் சற்று மிகுதி. அந்த மூன்று நொடியைச் சேர்த்திருந்தால் பார்த்தவர்கள் உண்மையை அறிந்திருப்பார்கள். என்னை எவரும் பாராட்டியிருக்க மாட்டார்கள்.

"இன்னொரு தடவை" என்று கேட்கும் ஆசை சினிமாவைப் போலவே பழமையானது. பிரான்சில் லூமியேர் சகோதரர்கள் 1895 இல் தங்கள் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர் வெளியேறுவதைப் படமாக எடுத்தார்கள். அதில் மூன்று வடிவங்கள் இன்றும் உள்ளன. ஒன்றில் வண்டியை ஒரு குதிரை இழுத்து வருகிறது. ஒன்றில் இரண்டு குதிரைகள். ஒன்றில் குதிரையே இல்லை. அதாவது, அதே காட்சியை அவர்கள் மூன்று முறை எடுத்திருக்கிறார்கள். புதிய கருவியின் திறத்தை உலகுக்குக் காட்ட விரும்பியவர்கள் அவ்வாறு செய்ததில் குற்றமில்லை. செய்தி என்று சொல்லிக் காட்டுபவருக்கு அந்த உரிமை கிடையாது. பேட்டிக்கு வந்தவரைச் சற்று வெளிச்சத்துக்கு நகர்ந்து அமரச் சொல்லலாம். நடந்து முடிந்ததை மீண்டும் நடத்திக் காட்டச் சொல்லலாகாது. தவறவிட்ட படம் தவறியதே.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். செய்திப் படத்துக்கு உள்ள ஆற்றலே காரணம். 1984 இல் எத்தியோப்பியாவில் கொடிய பஞ்சம் நிலவியது. எழுத்து மூலமாகவும் பேச்சு மூலமாகவும் அச்செய்தி முன்னரே வெளிவந்துகொண்டுதான் இருந்தது. உலகம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. கென்யா நாட்டைச் சேர்ந்த முகம்மது அமீன் என்ற காமிராக்காரர், மைக்கேல் பியூர்க் என்ற செய்தியாளருடன் கோரெம் என்ற ஊருக்குச் சென்றார். விடியற்காலை ஒளியில், குளிரில் ஒடுங்கி அமர்ந்திருந்த பெருந்திரளை முதலில் காட்டினார். பின்னர் தனித்தனி மனிதரை அணுகினார். நான் முன்பு சொன்ன தூரமும் அண்மையும்தான். வேறு வித்தை ஒன்றுமில்லை. பி.பி.சி. அப்படங்களை 1984 அக்டோபர் 23 அன்று ஒளிபரப்பியது. உலகின் பல நாடுகளிலிருந்து உதவி திரண்டது. 1985 ஜூலை 13 அன்று லண்டனிலும் பிலடெல்பியாவிலும் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த பெரும் இசை நிகழ்ச்சிகளுக்கும் அதுவே தூண்டுகோல். அந்த முகங்களில் ஒன்றேனும் கேட்டு வாங்கிய கண்ணீர் என்று பின்னர் தெரிய வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த பஞ்சத்தின் படத்தை எவர் நம்புவார்? பொய்ப் படம் ஒன்று, உண்மையாகத் துன்புறுகிறவர்களின் வாயை அடைத்துவிடுகிறது.

இன்று 100 அடிச் சுருள் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. உங்களில் பலருடைய கைப்பேசியே மணிக்கணக்காகப் படமும் ஒலியும் பதியும். நடக்காததை நடந்தது போலக் கம்ப்யூட்டர் கொண்டு படமாக்கவும் இப்பொழுது முடிகிறது. ஆகவே, இக்கலையைக் கற்க விரும்புகிறவருக்குப் பழைய கட்டுப்பாடுகள் முன்னைவிட அதிகமாகத் தேவைப்படுகின்றன. சிறிய பயிற்சி ஒன்று சொல்கிறேன். உங்கள் ஊர்த் தேநீர்க் கடைக்குச் செல்லுங்கள். பத்து நிமிடம் கருவியை எடுக்காமல் நில்லுங்கள். பிறகு கடைக்காரரின் அனுமதி பெற்று, தேநீர் ஆற்றும் வேலையை ஆறு படங்களில் மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றும் ஆறு நொடி. எவரையும் எதையும் மீண்டும் செய்யச் சொல்லாதீர்கள். அவற்றை வரிசைப்படுத்தி, ஒலியில்லாமல் ஒரு நண்பருக்குக் காட்டி, என்ன விளங்கிற்று என்று கேளுங்கள். பின்னர் அதே ஆறு படங்களை வரிசை மாற்றி இன்னொருவருக்குக் காட்டுங்கள். இருவர் சொல்வதற்கும் உள்ள வேற்றுமையே உங்கள் முதல் ஆசான். கடைசியாக, நீங்கள் தொகுத்ததைக் கடைக்காரரிடமும் காட்டுங்கள். "ஆம், இப்படித்தான் நடந்தது" என்று அவர் சொன்னால், நீங்கள் தேறிவிட்டீர்கள்.

என் மூதாட்டியிடம் நான் அவ்வாறு காட்டவில்லை. அந்தக் கிராமத்துக்கு மறுபடி செல்லும் வாய்ப்பும் கிட்டவில்லை. பெரியவர் கொடுத்த இரண்டடிப் பிலிம் மட்டும் ஒரு சிறு தகர டப்பாவில் என்னிடம் இருக்கிறது. புதிதாக இத்தொழில் கற்க வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் கொடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்கிறேன்.