கருவிகளுக்கும் வேண்டும் பொதுமொழி!

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் செல்லும் சாலை வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்கிறது. கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வாரத்தில் நான்கு நாள்கள் அதிகாலையில் அச்சாலையில் மிதிவண்டியில் சென்று வருகிறேன். இரு புறமும் நெல்வயல்கள் விரிந்த சமவெளியில் ஆற்றுப் பாலங்கள்தாம் ஏற்றங்கள். அந்த ஏற்றங்களிலும், ஆடிக் காற்றுக்கு ஈடுகொடுத்து மிதிக்கும்போதும் இதயத்துடிப்பைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர்.

அதற்காக மூன்று உணரிகள் (சென்சார்கள்) வாங்கினேன். ஒன்று, இதயத்துடிப்பை அளக்க மார்பில் அணியும் பட்டை. மற்றொன்று, சக்கரத்தின் சுழற்சியை எண்ணுவது. மூன்றாவது, நிமிடத்துக்கு எத்தனை முறை மிதிக்கிறோம் என்று கணக்கிடுவது. கடிகாரமே மணிக்கட்டில் துடிப்பை அளக்குமே என்று கேட்கலாம். அது ஒளியைப் பாய்ச்சி ரத்த ஓட்டத்தைக் கணிக்கிறது. கைப்பிடியை இறுகப் பற்றிக் குண்டும் குழியுமான சாலையில் செல்லும்போது அக்கணிப்பு தடுமாறும். மார்புப் பட்டையோ இதயத்தின் மின்குறிப்பையே நேரடியாக உணர்கிறது.

ஒருநாள் என் கைக்கடிகாரத்தில் துடிப்பு எண் வரவில்லை. கடைக்காரர் பட்டை பழுது என்றார். புதிதாக ஒன்று வாங்கினேன், அதுவும் இணையவில்லை. வீட்டுக்கு வந்த பழைய மாணவர் ஒருவர் ஐந்தே நிமிடங்களில் காரணத்தைக் கண்டறிந்தார். பட்டையின் இணைப்பை என் கைப்பேசி முன்பே பிடித்து வைத்திருந்தது. பழுது எதுவும் இல்லை, பணம்தான் போயிற்று.

இக்கருவிகள் இரண்டு வானொலி மொழிகளில் பேசுகின்றன. ஒன்று ஏஎன்டி பிளஸ்; மற்றொன்று குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புளூடூத். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. முன்னது கோயில் ஒலிபெருக்கி போன்றது. எத்தனை கடிகாரங்கள் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் கேட்கலாம். பின்னது தொலைபேசி உரையாடல் போன்றது. பல பழைய உணரிகள் ஒரு நேரத்தில் ஒரு கருவியோடு மட்டுமே பேசும். புதியவற்றில் பல, இரண்டு மூன்று கருவிகளோடு பேசும். கடிகாரங்கள் பலவும் இரு மொழிகளையும் அறிந்தவை. கைப்பேசிகளில் பெரும்பாலானவை புளூடூத்தை மட்டுமே அறிந்தவை.

இதை அறிந்துகொண்டால் தீர்வு எளிது. கைப்பேசியின் புளூடூத் அமைப்புப் பக்கத்தில் உணரியை இணைக்காமல், பயிற்சிச் செயலிக்குள் சென்று சேர்க்க வேண்டும். கடிகாரத்தில் சேர்க்கும்போது கைப்பேசியின் புளூடூத்தைச் சற்று அணைத்து வைக்கலாம். மார்புப் பட்டையை நனைத்து அணிய வேண்டும்; மற்ற உணரிகள் விழித்துக்கொள்ளச் சக்கரத்தையும் மிதிகட்டையையும் சுழற்ற வேண்டும். இரு மொழியும் பேசும் உணரியாக இருந்தால், கடிகாரத்தை ஏஎன்டி பிளஸ் வழியாகவும் கைப்பேசியைப் புளூடூத் வழியாகவும் இணைக்கலாம்.

வேக உணரிக்குச் சக்கரத்தின் சுற்றளவைச் சொல்லித்தர வேண்டும். டயரிலும் தரையிலும் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி, நாடாவால் அளந்தேன்: 2,200 மி.மீ. செயலியில் ஏற்கெனவே இருந்ததோ 2,100. அதாவது, நான் 22 கி.மீ. சென்றால் அது 21 கி.மீ. என்றே காட்டிக்கொண்டிருந்தது.

இதில் பொருளியல் பாடம் ஒன்றும் உண்டு. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிச் சீர்குலைகிறது என்பதை ஜார்ஜ் அகெர்லோஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையைக் கொண்டு விளக்கினார். 2001-இல் நோபல் பரிசும் பெற்றார். என் அனுபவத்தில் விற்றவருக்கும் தெரியவில்லை என்பதே வேறுபாடு. பெட்டியின் மீது இருந்ததோ பொடி எழுத்திலான ஆங்கிலமும் சில சின்னங்களும் மட்டுமே.

நம் ஊர் சைக்கிள் கடையை எண்ணிப் பாருங்கள். 28 × 1½ அளவு டயர் எந்த நிறுவனத்தின் தயாரிப்பானாலும் அந்த அளவுச் சக்கரத்தில் பொருந்தும். இந்தப் பொதுத்தரம்தான் ஏழை உழவரும் நெல் மூட்டையை ஏற்றிச் செல்லும் வண்டியாக மிதிவண்டியை நிலைநிறுத்தியது. தரம் பொதுவாக இருந்தால் வாங்குபவருக்குத் தெரிவு உண்டு. இல்லையேல் முதலில் வாங்கிய நிறுவனத்திடமே அவர் கட்டுண்டு கிடப்பார்.

பொதுத்தரமும் நிலையானதன்று. ஏஎன்டி பிளஸ் தரத்தை நிர்வகிக்கும் கார்மின் நிறுவனம், அதற்கான சான்றளிப்புத் திட்டத்தை 2025-இல் முடித்துக்கொண்டது. யாரும் கேட்கத்தக்க ஒலிபரப்பு, கம்பியில்லாக் கருவிகளுக்கான ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளோடு ஒத்துப்போகவில்லை. இப்போதுள்ள உணரிகள் தொடர்ந்து இயங்கும். ஆனால், ஏஎன்டி பிளஸ் மட்டுமே பேசும் உணரியை இன்று வாங்குபவருக்கு, நாளைய கடிகாரம் அதைக் கேட்கும் என்ற உறுதி இல்லை.

அந்த விதிகளின் அக்கறையில் நியாயம் உண்டு. துடிப்பும் பயணப் பாதையும் அந்தரங்கத் தகவல்கள். ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் நடைபாதைகள் புலப்பட்டது 2018-இல் பெரும் சர்ச்சையானது. எண்ம வடிவத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாமும் 2023-இல் இயற்றியிருக்கிறோம்.

திறந்த தரமும் வேண்டும். தகவலுக்குக் காப்பும் வேண்டும். எந்த மொழியில் பேசும், ஒரே நேரத்தில் எத்தனை கருவிகளோடு இணையும், தகவல் எங்கே செல்லும் என்ற மூன்று விவரங்களையும் பெட்டியின் மீது தமிழில் அச்சிடுவதைக் கட்டாயமாக்கினால் போதும். பெரும் செலவு ஆகாது. முதியோர் பலர் இதயத்தின் கணக்கை இக்கருவிகளிடம் ஒப்படைக்கத் தொடங்கிவிட்ட காலம் இது. எண் வராத நாளில், பழுது இதயத்திலா, கருவியிலா, வெறும் இணைப்பிலா என்று அவர்கள் அஞ்சி நிற்கும் நிலை வரக்கூடாது.