'எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள்

சிறுகதை எழுதி நண்பரிடம் கொடுத்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். அதை வைத்து ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது.

1950இல் கோலாலம்பூர் 'தமிழ் நேசன்' நாளிதழ் 'கதை வகுப்பு' நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் வாசகர்கள் அனுப்பிய கதைகளின் குறைநிறைகளைச் சுட்டிக்காட்டினர். அதில் எழுதிப் பழகிய பலர் பின்னர் நாடறிந்த எழுத்தாளர்களாயினர்.

சுபாங் ஜெயாவில் என் மாணவர்களிடம் நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் இவை:

1. எந்த இடத்தில் வாசிப்பு தடைப்பட்டது?
2. முடிவை எந்தப் பத்தியிலேயே ஊகித்துவிட்டீர்கள்?
3. யாருடைய பேச்சு ஒட்டவில்லை?

வாசகர் பேசும்போது குறுக்கே விளக்காதீர்கள்; குறித்துக்கொள்ளுங்கள். தேர்வுத்தாளைத் திருத்துபவரிடம் போய் நீங்கள் விளக்க முடியாதே!